பாரணைக்குப் பின்

(கோவில்பட்டியில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளையார் என்னை அழைத்தபோது, கழுகுமலைக் கல்வெட்டுகளில் குறிக்கப்பெறும் குரத்தியரைப் பற்றிப் பேசுமாறுதான் கேட்டனர். நானும் இசைந்தேன். ஆசிரியராக நாற்பதாண்டு அந்த மலையடிவாரத்தையே சுற்றி வந்தவளுக்கு அது எளிய பொருள். பிறகு ஒரு நாள் செயலாளர் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, பொருளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். நோன்பால் உடல் தளர்ந்து, பின்பு தேறியவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்றேன். அவர் சற்றுத் தயங்கி, "விழா மேடையில் பேசத்தக்கதா அம்மா?" என்றார். விழா மேடையில்தான் இது தொடங்கியது. ஆகவே அங்கேதான் பேச வேண்டும் என்றேன். பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

என் தங்கைக்கு ஒரு மகள். பெயர் சொல்ல மாட்டேன். இந்த உரையை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டு நீக்கினாள். எஞ்சியவற்றைச் சொல்ல இசைவு தந்தாள். ஆசிரியரின் தாளைத் திருத்துவதில் மாணவர்க்கு எப்போதுமே ஒரு மகிழ்ச்சி உண்டு.

பத்தாண்டுகளுக்கு முன், அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உபவாசம் இருக்கத் தொடங்கினாள். வீட்டில் அனைவர்க்கும் மகிழ்ச்சி. பின்னர் நாள்தோறும் ஒருவேளை மட்டும் உண்ணும் ஏகாசனம் மேற்கொண்டாள். அடுத்து இனிப்பை விட்டாள், எண்ணெயை விட்டாள், பாலை விட்டாள். கேட்டால் ரச பரித்தியாகம் என்றாள். பதினேழு வயதில் இத்தனை நூற்பயிற்சியா என்று வியந்தோம். அவ்வாண்டு தசலட்சணப் பத்து நாளிலும் நீர் மட்டும் அருந்தி இருந்தாள். நிறைவு நாளில் எங்கள் ஊரில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய கை என் கை. ஒலிபெருக்கியில் அவளைக் கவுந்தியடிகளோடு ஒப்பிட்டுக் கால்மணி நேரம் பேசியதும் நானே. உண்ணாநோன்பால் உயிர்நீத்தவர் கவுந்தியடிகள் என்பது தமிழ் முதுகலை படித்த எனக்குத் தெரியாததன்று. அன்று அந்த ஒப்புமையின் பொருள் என் செவியில் விழவில்லை.

பாரணை முடிந்தது. மற்றவர்கள் மூன்றாம் நாள் வழக்கம்போல் உண்ணத் தொடங்கினர். அவள் தொடங்கவில்லை. தட்டில் இட்டதைப் பிசைந்து பரப்புவாள், கைக்குட்டையில் மறைப்பாள், "பள்ளியில் உண்டேன்" என்பாள். தையல்காரர் இரண்டு முறை சட்டையைப் பிடித்துத் தைத்தார். மாதவிலக்கு நின்றது. தலைமயிர் உதிர்ந்தது, கன்னத்திலும் முதுகிலும் பூனைமுடி அரும்பியது. சித்திரை வெயிலில் குளிர்கிறது என்று போர்வை கேட்டாள். ஒரு நாள் பள்ளிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் நாடி நிமிடத்திற்கு நாற்பதைத் தொடவில்லை.

மருத்துவர் சொன்ன பெயர் அனோரெக்சியா நெர்வோசா. உண்ணாமையே நோயாகிவிடுவது. அது மேலைநாட்டு அழகிகளுக்கு வருவது என்று நான் வாதாடினேன். அவர் பொறுமையாகச் சிரித்தார்.

வாதாடியதில் எனக்கிருந்த நியாயம் ஒன்றே: இதைப் பற்றி நம்மிடையே பேசப்படுவதில்லை. இங்கிலாந்தில் ரிச்சர்டு மார்ட்டன் என்னும் மருத்துவர் 1689இலேயே இத்தகைய நோயாளிகளை விவரித்திருக்கிறார். இத்தாலியில் சியன்னா நகரத்துக் கேதரின் என்னும் கிறித்தவத் துறவி உணவை ஒறுத்து ஒறுத்து 1380இல், முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவரைப் போன்றோரின் தவமும் இந்நோயும் எங்கே பிரிகின்றன என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நம் நாட்டிலும் கண்டிருக்கிறார்கள். 1995இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உணவை மறுத்து மெலிந்த அப்பெண்களிடம், பருத்துவிடுவோம் என்னும் அச்சம் மேலைநாட்டு நூல்கள் கூறும் வகையில் வெளிப்படவில்லை. 1998இல் சென்னை மருத்துவர்கள் டி.என்.சீனிவாசன் முதலானோர் மருத்துவ மாணவரிடையே ஆராய்ந்து, முழுநோய் ஆகாத, ஆயினும் உணவைப் பற்றி வருந்தி வாடும் ஒரு நிலையை இனங்கண்டனர். இன்னொரு ஆய்வை நாம் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். கிங், புக்ரா என்னும் இருவர் 1989இல் வட இந்தியப் பள்ளிச் சிறுமியரிடம் மேலைநாட்டு வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தபோது, சில வினாக்களுக்கு வந்த விடைகள் நோயைக் காட்டவில்லை, சமய நோன்பைக் காட்டின என்று கண்டனர். நோன்பு நோயாகத் தோன்றலாம் என்பது அவர்கள் கண்டது. நோய் நோன்பாகத் தோன்றலாம் என்பது எங்கள் வீட்டில் நாங்கள் கண்டது.

நோயின் கதையை இத்துடன் நிறுத்துகிறேன். நான் பேச வந்தது பாரணைக்குப் பிந்திய கதை. எடை கூடிய பிறகு, "தேறிவிட்டாள்" என்று நாம் கைகழுவிய பிறகு, அவளுடைய மூளை உணவை எப்படி எதிர்கொள்கிறது என்பதே என் பொருள்.

பாரணை என்றதும் நமக்கு ஆதிநாதரின் நினைவு வரும். ஏறத்தாழ ஓராண்டு உணவின்றி இருந்த பெருமானுக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்புச் சாறு அளித்தான். அந்நாளே அட்சய திருதியை. மருத்துவமனையில் என் தங்கை கரும்புச் சாறுதான் வாங்கிக்கொண்டு ஓடினாள். செவிலியர் வாசலிலேயே தடுத்துவிட்டார். நீண்ட பட்டினிக்குப் பின் இனிப்பும் மாவும் திடீரென உள்ளே போனால் இன்சுலின் பெருகும். அது இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவை வற்ற, இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போரின் முடிவில், சிறைமுகாம்களில் பட்டினி கிடந்து விடுபட்ட பலர், உணவு கிடைத்த பின்னரே மாண்டனர். பெருமானுடையது வச்சிர யாக்கை. நம்முடையது பாஸ்பேட்டை நம்பியிருக்கும் யாக்கை. முதற் கிழமை அவளுக்குச் சிறிது சிறிதாகத்தான் ஊட்டினார்கள். நாள்தோறும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதைக் கோவில்பட்டியில் என் அண்டைவீட்டுப் பாட்டியிடம் சொன்னபோது அவர் வியக்கவேயில்லை. "பட்டினி கெடந்த மாட்டுக்கு எடுத்தவொடனே பருத்திக்கொட்டை வைப்பாகளா தாயி?" என்றார். பஞ்சம் பார்த்த கரிசல்காட்டு அறிவு.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் சோதனை ஒன்று உண்டு. நம் அவையில் அதைச் சொல்லத் தனிக் காரணமும் உண்டு. 1944ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் அதைத் தொடங்கினார். தாமாக முன்வந்தவர் 36 இளைஞர். அவர்கள் யாவரும் கொல்லாமைக் கொள்கையால் படையில் சேர மறுத்தவர்கள். போரால் பட்டினியுற்ற மக்களுக்கு எப்படி உணவூட்டுவது என்று உலகம் அறிய வேண்டித் தம் உடலை ஒப்படைத்தார்கள். அகிம்சையின் பொருட்டுப் பசித்திருந்த அவர்களை நம் உறவினராகவே நான் எண்ணுகிறேன்.

24 வாரங்கள் அரைவயிற்று உணவு. எடையில் ஏறத்தாழக் கால்பங்கு போயிற்று. உடல் இளைத்தது வியப்பன்று. மனம் மாறியதுதான் வியப்பு. நல்ல மனநலத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இளைஞர்கள் சமையற் புத்தகங்களைத் திரட்டிப் படித்தார்கள். ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் வைத்து உண்டார்கள். நண்பரையும் நகைச்சுவையையும் துறந்தார்கள். எப்போதும் குளிர்கிறது என்றார்கள். தட்டைப் பிசைந்து பரப்பினார்கள். படித்தபோது, என் தங்கை மகளின் அடம் என்றும் பிடிவாதம் என்றும் நாங்கள் திட்டியவற்றில் பாதி, பட்டினி கிடக்கும் எந்த மூளையும் செய்வது என்று விளங்கிற்று. உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்த பிறகு நேர்ந்தது இன்னும் முக்கியமானது. வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. நாளொன்றுக்கு ஐயாயிரம் கலோரிக்கு மேல் உண்டும் "இன்னும் பசிக்கிறது" என்றவர்கள் இருந்தனர். இயல்பு திரும்பப் பல மாதங்கள் ஆயின. தட்டு நிறைந்த நாளும் மூளை நம்பிய நாளும் ஒன்றல்ல.

ஆயினும் அந்த இளைஞர்களுக்குப் பசி என்னும் மணி ஓங்கி ஒலித்தது. அனோரெக்சியாவிலிருந்து மீண்டவர் பலருக்கு அந்த மணியே சரியாகக் கேட்பதில்லை. இதை நான் முதலில் அறிந்தது நூலில் அன்று, கடலைமிட்டாயில்.

அவள் தேறி ஈராண்டு கழித்துக் கோவில்பட்டிக்கு என்னோடு தங்க வந்திருந்தாள். எடை சரி, முடி வளர்ந்துவிட்டது, முகத்தில் ஒளி. நம் ஊர்ப் பெருமை, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள், அதைக் கொடுக்காமல் இருப்பேனா? ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள், மாத்திரை விழுங்குவதுபோல் மென்று முடித்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கு மனம் சுருங்கிற்று. "நன்றாக இல்லையாம்மா?" என்றேன். அவள் சிறிது எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: "இனிப்பு என்று தெரிகிறது பெரியம்மா. இன்னொன்று எடு என்று உள்ளேயிருந்து யாரும் சொல்வதில்லை."

இந்த ஒரு வரியைத்தான் அறிவியலார் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் பல்லாண்டு தேடியிருக்கிறார்கள். மூளையின் பக்கவாட்டு மடிப்பிற்குள் புதைந்து ஒரு பகுதி இருக்கிறது. இலத்தீனில் அதற்குத் தீவு என்று பெயர்: இன்சுலா. நாவின் சுவை முதலில் வந்து சேரும் இடங்களில் ஒன்று அது. வயிற்றின் நிறைவு, நெஞ்சின் துடிப்பு, உடலின் வெப்பம் ஆகிய உட்செய்திகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. வால்டர் கே என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அனோரெக்சியாவிலிருந்து மீண்டு ஓராண்டுக்கு மேல் நல்ல எடையோடு இருந்த 16 பெண்களையும், நோயே வராத 16 பெண்களையும் கருவிக்குள் படுக்கவைத்து, நாவில் சர்க்கரை நீரைச் சிறிது சிறிதாக விட்டனர். மீண்டவர்களின் இன்சுலா சர்க்கரைக்கு மந்தமாகவே விடையளித்தது. மற்றப் பெண்களுக்கு இனிமை கூடக் கூட இன்சுலாவின் எழுச்சியும் கூடிற்று. மீண்டவர்களிடம் அந்தப் பிணைப்பே காணப்படவில்லை. நாக்கு செய்தி அனுப்புகிறது. அதைப் படித்து "நன்று, இன்னும் கொள்" என்று எழுதும் எழுத்தர் மட்டும் மந்தமாக இருக்கிறார்.

2013இல் அதே வழியில் வந்த இன்னொரு ஆய்வில், அளவு மீறி உண்டு பின் வெளியேற்றும் புலிமியா என்னும் நோயிலிருந்து மீண்டவர்களையும் சேர்த்துக்கொண்டனர். அவர்களுக்கு விடை எதிர்த்திசையில் இருந்தது. இனிப்பிற்கு இன்சுலா மிகையாக எழுந்தது. ஆகவே "உணவு நோய்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே அறிவுரையை எல்லார்க்கும் வழங்குவது பயனற்றது. ஒருவருக்கு மணி கேட்பதில்லை. மற்றொருவருக்கு அது நிற்பதில்லை.

பசித்தவனுக்குப் பழங்கஞ்சியும் அமுதம் என்பது நாம் அறிந்தது. பசி வந்தால் மூளையின் வெகுமதி மையங்கள் கூர்மையடையும். உணவு மட்டுமன்று, பணம்கூட அப்போது கூடுதலாக இழுக்கும். 2015இல் வந்த ஓர் ஆய்வு, மீண்ட பெண்களைப் பதினாறு மணி நேரம் பட்டினியிலும், மற்றொரு நாள் உண்ட பிறகும் சோதித்தது. நோய் வராத பெண்களின் மூளை பசியில் கூர்மையடைந்தது. மீண்டவர்களின் மூளையில் பசிக்கும் உண்டதற்கும் அந்த வேறுபாடு தோன்றவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நம்மில் ஒருவர் உபவாசம் இருந்தால், மாலைக்குள் உடல் உணவை நோக்கி நம்மைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை அறிவால் அடக்குவதே நோன்பின் ஆற்றல். தள்ளலே வராதவளுக்கு அதில் என்ன ஆற்றல் இருக்கிறது? நமக்கு மலையேற்றமாக இருப்பது அவளுக்கு வழுக்குப் பாறையில் இறக்கம். கால் வைத்தால் தானே போய்விடும்.

பழக்கம் என்றொரு கூறும் உண்டு. நோயுற்றிருப்போர் எந்த உணவை எடுப்பது என்று தேரும்போது, அவர்கள் மூளையில் பழக்கங்களுக்குரிய ஸ்ட்ரையேட்டப் பகுதி முன்னின்று செயல்படுவதை நியூயார்க்கு ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். அதாவது, உண்ணாமை ஒரு முடிவாகத் தொடங்கிப் பழக்கமாக உறைந்துவிடுகிறது. சைக்கிள் ஓட்டக் கற்றவர் மறப்பதில்லை; இதுவும் அத்தகையதே. தேறிய பின் முதல் ஓராண்டில்தான் மீண்டும் சரியும் இடர் மிகுதி என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவையெல்லாம் கேட்டுத் தாய்மார்கள் அஞ்ச வேண்டா. பட்டினியால் சுருங்கிய மூளைப் புறணி, உணவும் எடையும் திரும்பும்போது பெரும்பாலும் தன் பருமனை மீட்டுக்கொள்கிறது. லெப்டின், கிரெலின் என்னும் பசிச் செய்தியாளர்களும் எடையோடு சேர்ந்து ஒழுங்குக்கு வருகின்றனர். மேற்சொன்ன ஆய்வுகள் சிறு குழுக்களின் சராசரியைக் கூறுவன. தனியொருத்தியின் தலைவிதியைக் கூறுவன அல்ல. நோய்க்கு முன்பே மூளை அப்படி இருந்ததா, நோய் விட்டுச்சென்ற தழும்பா என்பதும் இன்னும் ஆராயப்படுவதே. இந்நோயில் மரபணுக்களுக்குப் பங்குண்டு என்பது உறுதியாகிவிட்டது. அதைக் கேட்ட அன்றிரவுதான், தன் வளர்ப்பில் என்ன பிழை என்று தேடித் தேடி மாய்ந்துகொண்டிருந்த என் தங்கை உறங்கினாள்.

மணி கேளாதவர் என்ன செய்வது? கடிகாரத்தைப் பார்ப்பது. மருத்துவர் அவளுக்கு வகுத்துக் கொடுத்தது நாளொன்றுக்கு ஆறு வேளை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். உணவே மருந்து என்று மேடையில் முழங்குகிறோம்; அவளுக்கு அது உவமையன்று. இந்த ஆறு வேளையில் ஒன்றுதான் எங்கள் குடும்பத்தைச் சோதித்தது. கடைசி வேளை இரவு ஒன்பது மணிக்கு, ஒரு குவளைப் பால்.

என் தங்கை கதிரவன் மறைந்த பின் அடுப்பு மூட்டியவள் அல்லள். அவள் மாமியார் மூட்டியதில்லை. எங்கள் தாயும் மூட்டியதில்லை. முதல் நாள் இரவு பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பூசையறையில் அழுதுகொண்டிருந்தாள். உறவினர் சிலர், பெயர் வேண்டா, "பாவத்தைக் கரைத்து ஊட்டுகிறாள்" என்று பேசியதும் அவள் காதுக்கு வந்தது. மறுநாள் காலை ஜினாலயத்து உபாத்தியாயரிடம் போய் நின்றாள். முதியவர், கண் சரியாகத் தெரியாது. கேட்டுவிட்டு, "சமந்தபத்திரர் கதை தெரியுமா அம்மா?" என்றார்.

நம்மில் பலர் அறிந்த கதைதான். ஆனால் நான் அதை அந்தத் திசையிலிருந்து பார்த்ததேயில்லை. காஞ்சியோடு தொடர்புடைய பேராசிரியர் சமந்தபத்திரர். அவருக்குப் பஸ்மகம் என்னும் நோய் வந்தது: எவ்வளவு உண்டாலும் எரித்துச் சாம்பலாக்கும் பசி. மணிமேகலையில் காயசண்டிகை பன்னிரண்டாண்டு பட்ட யானைத்தீ நோயை ஒத்தது. துறவியின் அளந்த உணவால் அது தீராது, விரதமும் கெடக்கூடாது. ஆகவே சல்லேகனை மேற்கொள்ள ஆசிரியரிடம் இசைவு வேண்டினார். ஆசிரியர் மறுத்தார். "உன் ஆயுள் முடியவில்லை, உன்னால் ஆக வேண்டிய அறம் இருக்கிறது. துறவுக்கோலத்தைக் களைந்து வை, வேண்டுமட்டும் உண், நோய் தீர்ந்தபின் திரும்பி வந்து தீட்சை பெறு" என்னும் கருத்துப்படக் கட்டளையிட்டார். சமந்தபத்திரர் கோலத்தைக் களைந்தார்; பிற சமயக் கோயிலின் படையலை உண்டார்; நோய் தீர்ந்து, மீண்டும் தீட்சை பெற்றார். அவர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்தைத்தான் அருங்கலச்செப்பாகத் தமிழில் நாம் ஓதுகிறோம். சல்லேகனைக்கு உரிய காலம் எது என்று இல்லறத்தார்க்கு எழுதிவைத்ததும் அவரே: தவிர்க்க முடியாத இடர், பஞ்சம், மூப்பு, தீரா நோய். தீரக்கூடிய நோயில் விரதத்தை இறக்கிவைக்கலாம் என்பதைத் தம் வாழ்க்கையில் பட்டு அறிந்தவர் எழுதிய விதி அது.

உபாத்தியாயர் இவ்வளவும் சொல்லிவிட்டு, "அவர் துறவையே இறக்கிவைத்தார் அம்மா. நீ ஒரு குவளைப் பாலுக்கா அழுகிறாய்?" என்றார். எட்டு மாதம் அந்த அடுப்பு இரவில் எரிந்தது.

நூல் கற்றோர் இங்கு உள்ளனர்; அவர்கள் முன் இரண்டே செய்திகளை வைக்கிறேன். தீர்த்தங்கர நிலைக்கு வித்தாகும் பதினாறு பாவனைகளில் தவம் என்று மட்டும் சொல்லப்படவில்லை. ஆற்றலுக்கு ஏற்ற தவம் என்றே சொல்லப்படுகிறது. தத்துவார்த்த சூத்திரம், உள்ளே சல்லியம் தைத்திராதவனையே விரதி என்கிறது; அந்தச் சல்லியங்களில் ஒன்று மாயை, அதாவது வஞ்சம். கைக்குட்டையில் சோற்றை மறைத்த நாளிலேயே அவளுடைய நோன்பு நோன்பாக இல்லாமற் போயிற்று. அதைக் கண்டுகொள்ளும் இலக்கணம் நம் நூலிலேயே இருந்தது. நான்தான் பொன்னாடையோடு நின்றேன்.

இப்போது, ஏன் இவ்வாண்டு இதைப் பேசுகிறேன் என்பதற்கு வருகிறேன். சென்ற மாதம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். பெண் பார்க்க வந்த பெரியம்மையார் ஒருவர், பழைய விழா மலரில் அவள் படத்தைப் பார்த்த நினைவில், "பத்து நாள் இருந்த பெண்ணாயிற்றே! இவ்வாண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இருக்கட்டும்" என்று வாயார வாழ்த்தினார். அன்பால் சொன்னது. அன்றிரவு அவள் ஆறாம் வேளையைத் தவறவிட்டாள். ஐந்தாண்டில் முதல் முறையாக. மறுநாள் தானே என்னை அழைத்துச் சொன்னாள். மறைக்காமல் சொன்னதுதான் அவள் நலத்தின் அடையாளம் என்று மருத்துவர் கூறினார். எனக்கோ அந்தப் படம் கண்முன் வந்தது. அந்த மலருக்கு அப்படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஆகவே அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். நோன்பாளர் பாராட்டு நிகழ்ச்சியில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை மேடையேற்ற வேண்டா. மலரில் அவர்கள் படத்தை நாள் எண்ணிக்கையோடு அச்சிட வேண்டா. இத்தனை நாள் என்று எண்ணிச் சொல்வதே சிலருக்கு ஏணியாகிவிடுகிறது. பெரியோர் நோன்பைப் போற்றுவதில் எனக்கு மாறுபாடில்லை. நானும் சதுர்த்தசி தவறாதவள். ஒரு பிள்ளை நோன்பு இருக்க விரும்பினால் மறுநாளும் அதற்கு மறுநாளும் அது எப்படி உண்கிறது என்று பாருங்கள். நோன்பை வைத்து நாம் அறிய முடியாதது பாரணைக்குப் பின் தெரிந்துவிடும்.

தேறியவர்களிடம் பேசும் முறையையும் சொல்லிவிடுகிறேன். "நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாய்" என்பது நம் வாயில் பாராட்டு. அவள் காதில் அது எச்சரிக்கை. தட்டைப் பார்த்து ஒன்றும் சொல்லாதீர்கள்: "இவ்வளவுதானா" என்றும் வேண்டா, "பரவாயில்லையே, உண்கிறாளே" என்றும் வேண்டா. பந்தியில் வேறு எதையேனும் பேசுங்கள். மழையைப் பற்றிப் பேசுங்கள். கரிசல்காட்டில் அந்தப் பேச்சுக்கு என்றும் பஞ்சமில்லை.

அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். சென்ற ஆண்டு மருத்துவரோடு கலந்து, ஆறு வேளையின் நேரங்களைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்தி, கடைசி வேளையைக் கதிரவன் மறையுமுன் கொண்டுவந்துவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. உபவாசம் மட்டும் இல்லை. அட்டமி சதுர்த்தசிகளில் மற்றவர் உண்ணாதிருக்கும் வீட்டில் அவள் தனியே அமர்ந்து உண்கிறாள். அது எளிதன்று என்பது என் கருத்து. ஆகவே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: முற்பகல் பதினொரு மணிக்கு அவள் எங்கிருந்தாலும் ஒரு வாழைப்பழமும் கடலைமிட்டாயும் உண்பாள், நான் எங்கிருந்தாலும் உடன் உண்பேன். உண்டதும் தொலைபேசியில் ஒரு சொல் அனுப்புவோம். முன்பு ஒருநாள் அவள் அனுப்பியது, "இன்று இரண்டு எடுத்தேன்" என்பது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

மணி பதினொன்றாகப் போகிறது. என் பை அதோ அந்த நாற்காலியில் இருக்கிறது. மேடையில் நின்று உண்பது முறையன்று. ஆகவே இத்துடன் அமர்கிறேன்.